முத்தறையின் கல்தோல்

மழை நின்று ஒரு மணி நேரமாகியும் முத்தறையின் கதவு திறக்கவில்லை. தேக்குக் கதவும் கல் நிலையும் சேரும் இடுக்கெல்லாம் கண்ணாடி போன்ற சவ்வு படர்ந்து மூடியிருந்தது. கட்டடத்தின் காவலர் இசக்கிமுத்து உள்ளிருந்தபடி தோளால் நான்கு முறை இடித்துப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க உட்கார்ந்தார்.

"மழைதான் விட்டுட்டுதேம்மா. ஒங்க தோலு இன்னும் ஏன் விடமாட்டேங்கு?"

ரெஜினா மச்சாது அந்தச் சவ்வை நகத்தால் கீறிப் பார்த்தாள். அந்தக் கல்தோலை உருவாக்கியவள் அவள்தான். கடல் ஊருக்குள் ஏறி, உப்புக்காற்றில் பழைய கட்டடங்கள் மணலாய் உதிரத் தொடங்கியபோது அவள் கண்டுபிடித்த பூச்சு அது. கல்லின்மேல் தெளித்தால் போதும். எங்கே ஈரம் படுகிறதோ அங்கே தானாக ஊர்ந்துபோய்த் தடித்து மறிக்கும். நாட்டில் முந்நூறு கட்டடங்கள் அதைப் போர்த்தியிருந்தன. தண்ணீர் நடுவே நின்ற இந்த முத்துப் பண்டகசாலையும் அவற்றில் ஒன்று.

ஆண்டுச் சோதனைக்காகக் காலையில் படகில் வந்திருந்தாள். மொட்டைமாடியில் இருந்த முத்தறைக்குள் இருவரும் நுழைந்ததும் மழை பிடித்துக்கொள்ள, சாரலுக்காகக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவின் இடுக்கை விரிசல் என்று எண்ணிக் கல்தோல் அடைத்துவிட்டது.

அறை ஆறடிக்கு ஆறடி. சன்னல் கிடையாது. இடுக்கும் அடைபட்டதால் காற்று வரவும் வழியில்லை. அலை அடங்கும்வரை படகு விட முடியாது, நாளைக் காலைதான் என்று கரையிலிருந்த கட்டுப்பாட்டறை கைபேசியில் சொல்லிவிட்டது.

"இதக் கரைக்க ஒரு மருந்து உண்டும்னு சொன்னியளே?"

"உண்டு அண்ணாச்சி. எவனாவது எடுத்து ஊத்திட்டாம்னா? அதான் எந்தக் கட்டடத்துலயும் வைக்கக்கூடாதுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இசக்கிமுத்து சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவள் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நனைந்திருந்தது. நகத்தின் தடிமனில் இருந்த சவ்வு இப்போது விரல் தடிமனுக்கு வந்திருந்தது.

"நம்ம மூச்சு அண்ணாச்சி," என்றாள். "அந்த ஈரம் கதவுலதான் படியுது. நாம மூச்சு விட விட இது தடிச்சுக்கிட்டே போகும்."

"அப்ப வேற எங்கயாவது ஈரத்தக் காட்டுங்க. அங்க போவட்டும்."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. ஆனால் கதவைத் தவிர மூன்று பக்கமும் காவி மண்ணால் வரைந்த தோணிகள். முத்துக் குளித்தவர்கள் தங்கள் கையாலேயே வரைந்தவை. ஒரு சொட்டு பட்டாலும் கரையும். தரையோ மரப்பலகை; தோல் கல்லில்தான் ஊரும். இந்த ஓவியங்களுக்காகத்தான் கட்டடம் முழுவதற்கும் தோல் போர்த்தினாள்.

பாட்டிலைப் பிடித்தபடியே நெடுநேரம் இருந்தாள். மாலை நான்கு மணிக்கு இசக்கிமுத்துவின் உதடுகள் நீலம் பாரித்தன.

"வரைஞ்சவங்க கடலுக்கடியில மூச்சடக்கத் தெரிஞ்சவங்க. நமக்கு அது வராதும்மா," என்றார் மெல்ல.

எதிர்ச்சுவரில் தண்ணீரை வீசினாள். தோணிகள் சிவப்பாக வழிந்தன. கதவிடுக்கில் இருந்த சவ்வு நடுங்கி, நெகிழ்ந்து, நிலையைவிட்டுச் சுவரை நோக்கி ஊர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைத் தாங்கியபடி கதவைத் தள்ளி மொட்டைமாடிக்கு வந்தாள். இருவரும் ஈரத் தளத்தில் படுத்து வாய் பிளந்து காற்றைக் குடித்தார்கள்.

அப்போது கைபேசி ஒலித்தது. மலையடிவார அரண்மனை ஒன்றின் காப்பாளர்.

"மேடம், இங்க நல்ல வெயில். ஆனா தோல் திடீர்னு எல்லா வாசலையும் மூடிக்கிச்சு. உள்ள எழுபது பேர் மாட்டிக்கிட்டாங்க."

ஒரு கட்டடத்தின் தோல் கற்பதை மற்ற எல்லாத் தோல்களும் அந்த நொடியே கற்றுக்கொள்ளும். அப்படி அமைத்ததும் அவள்தான். மனித மூச்சும் ஈரம் என்பதை அவை இன்று கற்றிருந்தன.

"பயப்படாதீங்க. வாசலுக்கு எதிர்ச்சுவர்ல தண்ணிய ஊத்தச் சொல்லுங்க. தோல் அங்க போயிரும்."

காப்பாளர் உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுச் சில நிமிடத்தில் திரும்ப வந்தார். "ஊத்திட்டாங்க மேடம். கையில இருந்த பாட்டில் எல்லாம் காலி. அது வாசலை விட்டு அசையவே இல்ல."

ரெஜினா எழுந்து உட்கார்ந்தாள். அவள் தப்பித்த வழியும் அடைக்க வேண்டிய ஒரு கசிவுதான் என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? இப்ப அவங்கள என்ன செய்யச் சொல்லட்டும்?"

"மூச்ச அடக்கச்..." என்று தொடங்கியவள், பக்கத்தில் வாய் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்த இசக்கிமுத்துவைப் பார்த்தாள்.