ஏழாம் கிளாஸின் மூடி

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அந்த அலறலில் மேஜை மேலிருந்த கண்ணாடிக் கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

காலை பதினொரு மணி. வெள்ளைச் சுவர். வெள்ளை மேஜை விரிப்பு. அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார் 'பெரிய மூக்கு'.

ஒயினோ, ஆப்பிளைப் புளிக்கவைத்த சைடரோ... முகர்ந்தே எந்த மண்ணில் விளைந்தது, எந்த வருஷம் மழை பொய்த்தது என்று சொல்லிவிடுகிற, ருசிப் போட்டியின் தலைமை நடுவர். முப்பது வருஷமாக அவர் போட்டதுதான் மார்க்!

இப்போது வாயோரம் நுரை. கண்கள் மேலே செருகிக் கிடந்தன.

அலறியவள் அவர் மனைவி. கையில், கறுப்புத் துணிப்பை மாட்டிய எட்டாம் நம்பர் பாட்டில். எந்த ஊர்ச் சரக்கு என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதில்லையா? அதற்குத்தான் பை. ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை.

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போனது. கூடவே ஏறப் போனவளை, முதலில் வந்த ஏட்டு தடுத்துவிட்டார்.

"நீங்க இருங்கம்மா. மேடம் வரணும்."

மேடம் வந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா. மூக்கில் அழுத்திய கைக்குட்டையோடு.

"உவ்வே... மேடம், அந்த ஏழாம் நம்பர் கிளாஸ் பக்கம் போகாதீங்க! பூச்சிமருந்து நாத்தம். குடலைப் புரட்டுது. பாட்டில் சுத்தமா இருக்கு... கிளாஸ்ல மட்டும்தான்" என்றார் ஏட்டு.

"யூகலிப்டஸ் தைலம்" என்றது ஒரு குரல்.

திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

'சின்ன மூக்கு'. இரண்டாவது நடுவர். பன்னிரண்டு வருஷமாகப் பெரிய மூக்குக்குப் பக்கத்து நாற்காலி. நடுவில் ஒரே ஒரு அடி இடைவெளி.

"உங்க கைக்குட்டையில நாலு சொட்டு இருக்கும். சரியா மேடம்? இந்த நாத்தத்துக்கு நடுவுலயும், நீங்க வாசல்ல கால் வச்சப்பவே தெரிஞ்சு போச்சு."

"அடேயப்பா! மூக்கா சார் அது?"

"ஏதோ, கடவுள் கொடுத்தது."

அடக்கமாகச் சொன்னார். முகத்தில்தான் அடக்கம் இல்லை.

"இந்த மூடி எதுக்கு?"

மேஜையில் வட்டக் கண்ணாடி மூடி ஒன்று கிடந்தது.

"வாசனை பறந்துடாம இருக்க. மூடியைத் திறந்து, அரை நிமிஷம் கிளாஸைச் சுழற்றி, மூணு தடவை முகர்ந்து... அப்புறம்தான் வாயில வைப்போம். அதையும் முழுங்க மாட்டோம். இந்த வாளியில துப்பிடுவோம்."

காலடியில் எவர்சில்வர் வாளி. காலையிலிருந்து துப்பியது அரை வாளி நின்றது. எட்டிப் பார்த்த ஏட்டு நாலடி பின்வாங்கினார்.

"அவரும் இதெல்லாம் செஞ்சாரா?"

"ஒண்ணு விடாம. சுழற்றினார். மூணு தடவை முகர்ந்தார். வாயில வச்சார்... விழுந்துட்டார்."

"ஏட்டுக்கே குடலைப் புரட்டுது. ஊருக்கே பெரிய மூக்குக்குத் தெரியலையா?"

"அதான் மேடம் எனக்கும் விளங்கல."

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஊத்தினது நீங்க. மூடி வச்சது நீங்க. சொல்லுங்கம்மா... அந்த மூக்கு எப்படி ஏமாந்துச்சு?"



"அவருக்கு... மூக்கே இல்லைங்க."

"என்னது?"

"போன வருஷம் ஒரு காய்ச்சல். காய்ச்சல் போச்சு, வாசனையும் கூடவே போயிடுச்சு. சோறு தீஞ்சாலும் தெரியாது, சாம்பிராணி போட்டாலும் தெரியாது. வெளியில சொன்னா செத்துடுவேன்னு அழுதார். அதுல இருந்து... நான்தான் அவருக்கு மூக்கு."

"புரியலையே!"

"ஊத்தும்போது நான் முகர்ந்து பார்ப்பேன். பாட்டில் கழுத்துல விரல் வச்சுக் காட்டுவேன். ஒரு விரல்னா பிரமாதம். ரெண்டுன்னா சுமார். மூணுன்னா புளிச்சுப் போச்சு. மத்ததை நாக்கை வச்சுச் சமாளிச்சுக்குவார்."

"ஏழாம் நம்பருக்கு?"

அவ்வளவுதான்... உடைந்துபோனாள்.

"ஒரு விரல் காட்டினேங்க! பாட்டில்ல அவ்வளவு நல்ல வாசனை... பச்சை ஆப்பிள், நனைஞ்ச கல்லு... மலையடிவாரச் சைடர். காட்டிட்டு எட்டாம் பாட்டில் எடுக்க உள்ள போயிட்டேன். என் விரலை நம்பித்தான் வாயில வச்சார்... பாவி, நான்தான் குடிக்கச் சொன்னேன்!"

"அவருக்கு வாசனை தெரியாதுங்கறது உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க. பெத்த பொண்ணுகிட்டகூட சொல்லல."

பார்த்தீர்களா செல்லங்களே! தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுக்கிறாள்!

ஏட்டு தொண்டையைச் செருமினார். "மேடம்... அப்போ கேஸ் முடிஞ்சுது. தெரிஞ்சது ஒரே ஆளு. வச்சதும் அதே ஆளு."

"அண்ணி!" சின்ன மூக்கு நெஞ்சில் கை வைத்தார். "அண்ணனுக்குப் போய் இப்படி ஒரு துரோகமா? எனக்கு மனசே ஆறலை!"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"விலங்கு மாட்டணும்னா மாட்டுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை அவரைக் காட்டிடுங்க. உசுரோட இருக்காரான்னு மட்டும் பார்த்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"சார், அவர் மூடியைத் திறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். பக்கத்துல."

"அரை நிமிஷம் சுழற்றினாரே... உங்களுக்கு நாத்தம் வரலையா?"

சின்ன மூக்கின் கண் ஒரு தடவை அடித்துக்கொண்டது.

"நான்... என் கிளாஸ்ல கவனமா இருந்தேன்."

"வாசல்ல வர்ற தைலம் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்த பூச்சிமருந்து தெரியலை. சரி விடுங்க சார்! உங்களுக்கும் வயசாகுது. ஏட்டு, எழுதிக்கோங்க... ரெண்டாவது நடுவருக்கும் மூக்கு அவுட்டு. காலையில இருந்து அவர் போட்ட மார்க் ஒண்ணும் செல்லாது."

"யாருக்கு மூக்கு அவுட்டு?"

முகம் சிவந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என் மூக்கா? அந்தச் செத்த மூக்கோட என்னைச் சேர்க்கறீங்களா? அவர் மூடியைத் தூக்கின உடனே எனக்குக் கண்ணே எரிஞ்சுது! என் மூக்கு ஒரு தடவைகூட..."

நின்றுவிட்டார்.

ரொம்பத் தாமதம்!

"ஓ... கண்ணு எரிஞ்சுதா?" இன்ஸ்பெக்டரின் குரல் இனித்தது. "எரிஞ்சும் 'குடிக்காதீங்கண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி?"

சட்டென்று குனிந்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். எவர்சில்வர் வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டார்!

"மேடம்ம்ம்!" ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் முகம் சுளிக்காமல் துழாவினார். கை வெளியே வந்தது. விரல் நுனியில்... ஒரு குட்டி மருந்துக் குப்பி!

"யாரும் கை விட மாட்டாங்கன்னு நினைச்சீங்க இல்ல?"

சின்ன மூக்கு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ தெரிஞ்சுது அவருக்கு வாசனை இல்லைன்னு?"

"போன மாசம். என் சட்டைப் பையில அந்துருண்டை வச்சுக்கிட்டு வந்தேன். நடுவர் மேஜைக்குச் சென்ட் போட்டு வந்தாலே எழுப்பி விட்டுடற மனுஷன்... பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தார். பன்னெண்டு வருஷம் மேடம்! ஒரு செத்த மூக்குக்கு அடுத்த நாற்காலி! அதான் இன்னிக்கு, அவர் குனிஞ்சு ஆறாம் நம்பருக்கு மார்க் எழுதிக்கிட்டிருந்தப்ப..."

"கொன்னுடலாம்னு..."

"இல்ல! சத்தியமா இல்ல! வாயில வைப்பார், துப்பிடுவார், ஊருக்கே வேஷம் தெரிஞ்சுடும்னுதான்... நாங்க யாருமே முழுங்க மாட்டோம் மேடம்! ஏன் முழுங்கினார்?"

மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"மூக்கு போனதுல இருந்து ஒரு மடக்கு முழுங்கிப் பார்ப்பார் தம்பி. தொண்டையாவது ஏதாவது சொல்லுமான்னு."



ட்ரிங்... ட்ரிங்...!

ஏட்டின் போன். ஆஸ்பத்திரி!

மனைவி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டு கேட்டார்... கேட்டுக்கொண்டே இருந்தார்... படுபாவி, முகத்தில் ஒன்றையும் காட்ட மாட்டேன் என்கிறாரே!

"கண் முழிச்சுட்டாராம்மா! முழிச்ச உடனே, ஏழாம் நம்பருக்கு மார்க் போடலையேன்னு கேட்டாராம்!"

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"முதல் ஆறும் என் மார்க்குங்க. அதையும் எழுதிக்கோங்க. இனிமே மறைக்கத் தெம்பு இல்லை."

"அதை அவர்கிட்ட சொல்லுங்க. வண்டி வாசல்ல நிக்குது, ஏறுங்கம்மா."

ஏட்டு விலங்கை மாட்டினார். சரியான கைகளுக்கு!

வெளியே வந்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எப்படி மேடம்? அந்த நாத்த வாளியில முகமே சுளிக்காம கை விட்டீங்களே! கேஸை மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்சுட்டீங்க!"

இன்ஸ்பெக்டர் அம்மா தைலக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார்.

"நாத்தமா? எனக்கு மூணு நாளா ஜலதோஷம்யா... ஒரு மண்ணும் தெரியல!"