பன்னிரண்டாவது குழாய்

இனி வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

புனேயில், மகர்பட்டாவை ஒட்டிய அடுக்குமாடி வளாகம் ஒன்றின் முகப்புக் கூடத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை மதியம் நுழைந்த கட்டடப் பொறியாளர் அச்சுதன், அந்தரத்தில் நின்ற சிற்பத்தை அண்ணாந்து பார்த்துக் குழாய்களை எண்ணினார். பன்னிரண்டு. பதினொன்றுதான் இருக்க வேண்டும்.

வெள்ளை பூசிய எஃகுக் குழாய்கள். ஒன்றையொன்று தொடாதவை; கம்பிகளின் இழுப்புதான் முக்கால் டன் எடையையும் தூக்கி நிறுத்தும். முதல் வரைபடத்தில் பன்னிரண்டு இருந்தன. "நடுவுல உள்ளது கண்ணை உறுத்துது சார், எடுத்திரட்டுமா?" என்று சிற்பி செல்வமேரி வாட்ஸ்அப்பில் கேட்டபோது, ஹிஞ்சேவாடி நெரிசலில் காருக்குள் சிக்கிக் கிடந்தவர், கணக்கே போடாமல் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டார். சனிக்கிழமைதான் கணக்குப் போட்டார். பதினொன்றில் அது நிற்காது. திங்களன்று திறப்பு விழா. அதன் அடியில் ஐம்பது குழந்தைகளின் நடனம். சான்றிதழில் அவர் கையெழுத்து.

வெளியே மழை கண்ணாடியில் அறைந்து வழிய, உள்ளே புது பெயின்ட் நெடியும், அதற்கும் அடியில், வெல்டர் ஜம்புவின் தலையில் எப்போதும் வழிகிற தேங்காய் எண்ணெயின் வாசனையும் கனத்து நின்றன. ஜம்புவைக் காணோம். இழுப்பைச் சோதிக்க அச்சுதன் வழக்கம்போல் கம்பிகளை விரலால் சுண்டிக் காது கொடுத்தார். ஒவ்வொன்றும் கணீரென்றது. நடுக்குழாயின் கம்பி மட்டும், வாயை இறுக மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல் ஒலித்தது; விரலை எடுத்த பிறகும் ஓயவில்லை.

"இதை யாரு திரும்ப மாட்டுனது?"

"நாந்தான் சார்." செல்வமேரி தூணருகே அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரி, குரலில் பதற்றமே இல்லை. "எடுத்ததும் விழப் பாத்துச்சு. ஜம்பு அண்ணாச்சிதான் உள்ள பூந்து தாங்குனாவ."

"மூணு நாளா அவர் போனே எடுக்கலையே?"

"எடுக்க நெலமையிலயா இருக்காவ?"

அச்சுதன் குழாயைத் தொட்டார். வெதுவெதுப்பு. நடுவில், முழங்கால் அளவுக்கு ஒரு புடைப்பு. பூச்சுக்கு அடியில் ஏதோ எச்சில் விழுங்கியது.

"பாத்தியளா, அதுக்குள்ள வளைஞ்சிட்டாவ," என்று அவள் குறைபட்டுக்கொண்டாள். "ஒல்லி ஒடம்பு. நீங்க எவ்வளவு ஒசரம் சார்?"

கதவு எட்டடி தூரம். திரும்பினார். கணுக்காலில் கம்பி. இடுப்பில். கழுத்தில். நாலாபக்கமும் சமமான இழுப்பு. அவரே கணக்குப் போட்டிருந்தாலும் இத்தனை துல்லியமாக வந்திருக்காது. பாதம் தரையை விட்டது. முழங்கால் மடங்கவில்லை. வாய் திறக்கவில்லை.

"ஆடாதிய சார். பெயின்ட் காயணும்."

திங்கள் காலை, வளைந்த பழைய குழாய் ஒன்றைக் காயலான்கடைப் பங்கார்வாலா மற்ற இரும்புச் சாமான்களோடு டெம்போவில் போட்டுக்கொண்டு போனான். ரிப்பன் வெட்டினார்கள். குழந்தைகள் ஆடினார்கள். ஒரு சிறுமி கம்பியைச் சுண்டி, காது வைத்துக் கேட்டு, சிரித்து, மறுபடி சுண்டினாள். மேலே பன்னிரண்டு வெள்ளைக் குழாய்கள், ஒன்றையொன்று தொடாமல். நடுவில் இருந்தது மட்டும், வெள்ளை பூசிய ஒரு கட்டைவிரலை நுனியில் உயர்த்தியபடி துடித்துக்கொண்டிருந்தது.

இதற்கும் சேர்த்தே கற்பூரம் அணைக்கிறேன்: அந்தக் கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை.