புள்ளிச்சட்டைக்காரருக்கு ஒரு பெயர்

மச்சான் எர்ட்டியைச் சிரிக்க வைக்கப் போய்த்தான் கிப்பி அந்தக் காரியத்தைச் செய்தான்.

டிசம்பர் மத்தியானம். சிங்கி இறால் கூண்டுகளை இருவரும் படகில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, இறங்கி வந்த மூடுபனிக்குள் ஒரு வழுக்கைத் தலை மிதந்து வந்தது. அதைக் கரையில் சீல், கடல்நாய் என்று சொல்லலாம். படகில் கூடாது. படகில் அது புள்ளிச்சட்டைக்காரர். பயமாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர். அதற்கென்று சொந்தமாக ஒரு பெயர் மட்டும் கிடையாது. அதை யாரும் கொடுத்துவிடக் கூடாது என்பது அந்த வடகடல் தீவில் குழந்தைக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதுக் கிப்பிக்கும் தெரியும்.

"மீசை, தொப்பை, எல்லாம் என்னை மாதிரியே இருக்கு மச்சான். என்ன, என்னைவிட அடிக்கடி குளிக்குது," என்றான். பிறகு தண்ணீரைப் பார்த்துக் கையாட்டினான். "ஏ கிப்பி, வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி ஓஸ்லா ஆட்டுக்கறி சூப்பு வச்சிருப்பா."

தலை ஒரு குமிழிகூட விடாமல் உள்ளே போனது.

எர்ட்டி இன்ஜினை நிறுத்தினான். "பேரையும் குடுத்து, வழியையும் சொல்லிட்டியா?"

"சும்மா விளையாட்டுக்கு, மச்சான்."

"அதுக்கு விளையாட்டெல்லாம் தெரியாது."

"சரி, என்ன ஆகும்? அதையாவது சொல்லு."

எர்ட்டி இன்ஜினை முடுக்கிப் படகைத் துறைக்குத் திருப்பினான். துறையில் கயிறு கட்டினான். இறங்கும்போது, "பாத்துப் போங்க," என்றான்.

போங்க. இருபது வருஷமாக "டேய் கிப்பி" என்பவன்.

"ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, மச்சான்."

எர்ட்டி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டான்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்ட பாதையில், பனிக்குள் எங்கோ ஆடுகள் இருமுவதையும், கரைக்கல்லைக் கடல் நக்கிக்கொண்டிருப்பதையும் கேட்டுக்கொண்டு, கரிமண் கட்டி எரியும் அடுப்புப் புகையின் மண்வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, முப்பது வருஷம் மோந்த அதே மீன் கவிச்சிதான் என்றாலும் இன்றைக்கு ஏனோ கழுத்து மயிரைக் குத்திட்டு நிற்க வைத்த வாசனை, தனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தபடி கிப்பி நடந்தான். சரளையில் ஈரத் தடம். ஈரச் சாக்கை இழுத்துப் போனது போல. காலடி எதுவும் இல்லை. போன தடம் மட்டும்தான்; திரும்பிய தடம் இல்லை.

தடம் அவன் வீட்டுப் படியில் முடிந்தது.

அவன் வளர்ப்பு நாய், கொட்டகைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. குரைக்கவில்லை.

கதவு தாழிட்டிருந்தது. பனி இறங்கிய நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெளியே நிற்பவர் தன் பெயரைச் சொன்னால்தான் தாழ் நீங்கும். கிப்பி தட்டினான்.

"யாரு?" ஓஸ்லாவின் குரல். மெலிந்து கிடந்தது.

அவன் வாயைத் திறந்தான். மத்தியானம்வரை நாக்கில் கிடந்த பெயர். பல் பிடுங்கிய குழி மாதிரி அந்த இடம் காலி. மூச்சு மட்டும் வந்தது. ஈரமான மூச்சு.

"நான்தான்."

"பேரு?"

"ஓஸ்லா, நான்தான்டி. கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா பூட்ஸுல சூப்பைக் கொட்டினவன். அப்புறம் அதைத் துடைக்கப் போய் அவரையும் கீழ தள்ளினவன்."

உள்ளே சிரிப்பு வரவில்லை. விசும்பல் வந்தது.

அவன் ஜன்னலுக்கு ஓடினான். விளக்கு எரியவில்லை. அடுப்புத் தணல் மட்டும். ஓஸ்லாவின் வெளுத்த முகம் கண்ணாடிக்கு வந்தது.

"உள்ள யாரு இருக்கா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. நீயாவது சொல்லு," என்றான்.

அவள் உதடு கண்ணாடியைத் தொட்டது.

"வெளிய நிக்கிறது நீங்கதான்னு எனக்குத் தெரியும். ஆனா அது உங்க பேரைச் சொல்லுச்சு, நான் தொறந்துட்டேன். இப்ப என் கையைப் பிடிச்சிட்டிருக்கு. விட மாட்டேங்குது. இனிமே உங்களுக்கு இங்க இடமில்ல. அது விட்டுட்டு வந்த தண்ணிக்குப் போயிடுங்க."

அவள் வாய் பட்ட இடத்தில் கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. அதற்குப் பக்கத்தில், அவள் தோளுக்கு மேலே, இன்னொரு மூச்சு மெல்லப் பூத்தது. பெரிதாக. மீசைமயிர் கீறிய கோடுகளோடு.