நாக்கு நீட்டிய முகம்

உலகத்தில் எந்தத் தலைநகரத்துக்குப் போனாலும் இப்போது நகல் ஓவியத்தைத்தான் பார்க்க முடியும். அசல்களெல்லாம் நிலவறைகளில், கும்மிருட்டில், யார் கண்ணும் படாமல் உறங்குகின்றன. பாரிஸ், டோக்கியோ, கெய்ரோ, ஏன், டெல்லியிலும் அதே கதைதான். வரிசையில் நின்று, உள்ளே போய், அச்சடித்த படத்தைப் பார்த்து ‘ஆகா’ என்று சொல்லிவிட்டு வர வேண்டியது. சென்னையில் அப்படியில்லை. கூவம் கரையில் நிற்கும் தலைநகர் ஓவியக் கூடத்தில் தொங்குவது அத்தனையும் அசல். கூவத்தில் இப்போது மீன் துள்ளுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் ஒரு நடை வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த இருட்டுக்கெல்லாம் காரணம் நோக்குமானி என்கிற கருவி. கண் என்பது ஒளியை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்யும் என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், அந்தக் கருவிதான் குட்டை உடைத்தது. ஒரு பொருளை ஆசையோடு பார்க்கும்போது கண்ணிலிருந்து மெல்லிய அலை ஒன்று கிளம்பி அதன்மேல் போய் விழுகிறதாம். நோக்கலை என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் இருவர் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கோடிக்கணக்கான பேர் ஆசை ஆசையாகப் பார்த்தால் வண்ணத்தின் பிடிப்பு தளர்ந்து சாயம் மங்கிவிடும். விஞ்ஞானிகள் இதை அறிவித்த அன்று உலகமே மூக்கின் மேல் விரலை வைத்தது. நம் ஊரில் மட்டும், “இதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷினா?” என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

தலைநகர் ஓவியக் கூடத்தின் இயக்குநர் மங்கையர்க்கரசி. ஊழியர்களுக்கு அரசி மேடம். பெயருக்கேற்ற நடை, பெயருக்கேற்ற குரல். அந்தக் கூடத்தைப் பற்றி யாராவது பேச்சை எடுத்துவிட்டால் போதும், அவருக்குத் தலைகால் புரியாது. அதிலும் நடுக்கூடத்தில் சுவர் முழுக்க விரிந்திருக்கும் ‘அடைமழை’ என்ற ஓவியம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அண்ணா சாலை பேருந்து நிறுத்தம் ஒன்றில், கொட்டும் மழையில், ஒரே ஒரு மஞ்சள் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம். அவ்வளவுதான் படம். ஆனால் அந்தத் தார்ப்பாயின் மஞ்சள் இருக்கிறதே, அப்பப்பா! மழையிருட்டு முழுவதையும் அது ஒன்றே தூக்கிப் பிடித்திருக்கும். விழுப்புரத்திலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அதன் முன்னால் நிற்பார்கள். “ஏங்க, அந்தக் கூடை வெச்சிருக்கிறது அப்படியே நம்ம சித்தி மாதிரி இல்ல?” என்று யாராவது கேட்காத நாளே கிடையாது. அரசி தன் அறையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப்போவார். “நான் இருக்கிற வரைக்கும் இதுக்குத் திரை விழாது” என்று பதவியேற்ற அன்றே சொன்னவர்.

அத்தனை கண் பட்டும் ‘அடைமழை’ மங்கவில்லை. அதுதான் வம்பாகிப் போயிற்று.

உலகக் கலைக் காப்பு மன்றத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கூட்டம் பார்த்தும் ஒரு படம் பளிச்சென்று இருக்கிறதென்றால் அது அசலாக இருக்க முடியாது, சென்னைக்காரர்கள் நகலை மாட்டிவிட்டு அசல் என்று ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சோதிக்க ஒருவரை அனுப்புவதாகத் தகவல் வந்தது. நகல் என்றால் மானம் போகும். அசல்தான், மங்குகிறது என்றால் படம் இருட்டறைக்குப் போகும். அரசிக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“வரட்டும். வந்து மூக்கு உடைபட்டுப் போகட்டும்” என்றார் பராமரிப்பு அதிகாரி சூசைராஜிடம். “வாசல்லேர்ந்து மாடி வரைக்கும் ஒரு தூசு இருக்கக் கூடாது. அப்புறம், அந்தக் கண்றாவியைக் கழட்டுங்க.”

கண்றாவி என்று அவர் சொன்னது நுழைவாயிலுக்கு மேலே தொங்கிய திருஷ்டிப் பொம்மையை. கட்டடம் எழும்பும்போது கட்டுமான ஆட்கள் மாட்டியது. முட்டைக்கண், முறுக்கு மீசை, இரண்டு கொம்பு, மார்புவரை தொங்கும் ரத்தச் சிவப்பு நாக்கு. உலகத் தரமான கண்ணாடி வாசலில் அது இளித்துக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்லிப் பல தடவை சொல்லியாயிற்று. ஒருத்தரும் கை வைக்கவில்லை. மாட்டுவதற்கு நாள் பார்க்க நம்மிடம் ஆள் உண்டு; கழற்றுவதற்கு எந்த ஊரில் யார் முன்வந்திருக்கிறார்கள்?

சூசைராஜ் நெளிந்தார். “மேடம், நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதுலெல்லாம் சுத்தமா நம்பிக்கை கிடையாது.”

“நல்லதாப் போச்சு. கழட்டுங்க.”

“வேற எந்த வேலைன்னாலும் சொல்லுங்க மேடம். இதுல மட்டும் என்னைய மாட்டி விடாதீங்க.”

அரசிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியைப் போடச் சொல்லி, தானே ஏறினார். கீழே நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கழற்றிய பொம்மையைத் தன் அறை அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்தினார்.

சோதனைக்கு வந்தவர் துவாரகன். பாரிஸில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். “வணக்கம் மேடம். குறை நினைக்கக் கூடாது, நான் என்ட வேலையைச் செய்யத்தான் வேணும்” என்று கைகூப்பிவிட்டு, ‘அடைமழை’க்கு எதிரே தன் நோக்குமானியை நிறுத்தினார். முள்ளும் வட்டமுமாக, பழைய சுவர்க்கடிகாரம் போல இருந்தது அது.

அரசி அவரை விடவில்லை. கூடம் முழுக்க அழைத்துப்போய் ஒவ்வொரு படமாகக் காட்டி, வாய் ஓயாமல் பேசினார். துவாரகனும் ரசித்துக் கேட்டார். ஆனால் அவர் கண் அடிக்கடி அந்த முள்ளுக்குப் போய் வந்தது. வெளியே பள்ளி விடுமுறைக் கூட்டம். வருகிறவர்கள் வாசலில் ஒரு நொடிகூட நிற்காமல் நேராக மஞ்சளை நோக்கி விரைந்தார்கள். முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று.

சில நாட்களிலேயே சூசைராஜ் அரசியின் அறைக்கு ஓடி வந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறை. நடுக்கூடத்தில் போய்ப் பார்த்தால், தார்ப்பாயின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வெளுத்திருந்தது. நேற்றுவரை மழையைத் தாங்கிய மஞ்சள், அந்த இடத்தில் மட்டும் பழைய மோர் நிறமாகிவிட்டது. அரசிக்கு அழுகை முட்டியது.

“அசல்தான் மேடம்” என்றார் துவாரகன், மெதுவாக. “அதில ஒரு சந்தேகமும் இல்லை. நகலுக்குப் போடுற மை மங்காது. உங்களைப் பற்றித் தப்பாக் கதைச்சவை வெட்கப்பட வேணும். நான் எழுதித் தாறன்.”

“ரொம்ப சந்தோஷம்” என்றார் அரசி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆனா, இதை மூடத்தான் வேணும். நாளைக்கே.”

எந்த ஓவியம் பொய் என்றார்களோ அது மெய் என்று நிரூபணமாகிவிட்டது. நிரூபித்தது, அது சாகத் தொடங்கியதுதான். இந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அரசி தன் அறைக்கு நடந்தார். பின்னாலேயே துவாரகன், கையில் சிறிய நோக்குமானியோடு. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வந்தவர், வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த கருவி வீல் என்று அலறியது. அவர் கையைத் திருப்பினார். அலமாரிப் பக்கம் போனால் அலறல், விலகினால் அமைதி.

“இதுக்குள்ள என்ன வைச்சிருக்கிறீங்கள்?”

“ஒண்ணுமில்ல. பழைய சாமான்.”

“மேடம், இந்த அளவு நோக்கலை படிஞ்ச சாமானை நான் எந்தத் தலைநகரத்திலயும் கண்டதில்லை. ஒருக்காத் திறவுங்கோ.”

வேறு வழியில்லாமல் அரசி திறந்தார். முட்டைக்கண்ணும் சிவப்பு நாக்குமாகப் பொம்மை இளித்தது. அரசிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அதுவா? சும்மா. யாரோ மாட்டிட்டுப் போயிருக்காங்க” என்றார்.

“எங்க மாட்டினவை?”

“வாசல்ல. நீங்க வர்றீங்கன்னு நான்தான் எடுத்துட்டேன். அசிங்கமா இருந்தது.”

துவாரகன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “ஐயோ மேடம்! நான் சின்னனா இருக்கேக்க, புது உடுப்புப் போட்டா எங்கட அம்மா கன்னத்தில மைப்பொட்டு வைக்காம வெளியில விடமாட்டா. பாரிஸில! பள்ளிக்கூடத்தில எல்லாரும் சிரிப்பினம். நான் அழிச்சுப்போட்டுத்தான் வகுப்புக்குள்ள போவன். நாற்பது வருசத்துக்கு முந்தி அதை அழிச்சுப்போட்டு, இப்ப இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரியிறன்.”

சிரித்து முடித்து அவர் விளக்கியது இதுதான். ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்று புறப்படும்போதே கண்ணில் ஆவல் நிறைந்துவிடுகிறது. அந்த முதல் பார்வைக்குத்தான் வேகம் அதிகம். வழியில் திடுக்கிட வைக்கிற, சிரிக்க வைக்கிற ஒரு கோரத்தைக் கண்டால் அந்த வேகம் முழுவதும் அதன் தலையில் கொட்டிவிடும்; ஆசையோடு பார்க்காததால் அதன் சாயம் மங்காது. மறுபடி நிறையச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் படத்தை நிதானமாக, நோகாமல் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருடமாக ‘அடைமழை’மேல் விழ வேண்டியதை எல்லாம் அந்த முட்டைக்கண் வாங்கிக்கொண்டிருந்தது.

அன்றே அரசி மறுபடி ஏணியில் ஏறினார். இந்தத் தடவை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டது சூசைராஜ். மறுநாள் வந்த குழந்தைகள் வாசலில் நின்று பொம்மையைப் பார்த்துக் கத்தின, பதிலுக்கு நாக்கை நீட்டின, அப்புறம்தான் உள்ளே போயின. நடுக்கூடத்தில் முள் மளமளவென்று இறங்கியது. துவாரகன் மூடும் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு சென்னையைக் கையில் பிடிக்க முடியவில்லை. “உலகத்தின் கலையைக் காத்த சென்னை” என்று தோரணம் கட்டினார்கள். தலைநகரங்களெல்லாம் பொம்மை கேட்டு வரிசையில் நின்றன. சிந்தாதிரிப்பேட்டையில் பொம்மைக் கடைக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். அரசி உலக மாநாட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தமிழிலேயே பேசினார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நமக்கே உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்?

ஆனால் சில தலைநகரங்களில் சாயம் மங்குவது நிற்கவில்லை. விசாரித்தால், நம் பொம்மை அவலட்சணமாக இருக்கிறதென்று பேர்பெற்ற சிற்பிகளை வைத்து அழகாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள். பளிங்கில் கண், பொன்னில் நாக்கு. அழகானதைப் பார்த்தால் கண் காலியாகுமா? இன்னும் ஆவல் ஏறித்தான் உள்ளே போகும்.

“மண்டையில மசாலா இல்லாதவங்க” என்று அரசி அவர்களைக் கேலி செய்தார். கேலி செய்த கையோடு, நம் பொம்மையைத் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்க வைத்தார். வாசலிலேயே கண்ணாடிப் பேழை, அதற்குள் வெல்வெட் விரிப்பு, நாலு பக்கமும் விளக்கு, ஒரு மூலையில் துவாரகன் கொடுத்த சிறிய நோக்குமானி, பக்கத்திலேயே தன் புகைப்படம். உலகம் முழுக்க இருந்து ஜனங்கள் வந்தார்கள். ‘அடைமழை’யை அல்ல, பொம்மையைப் பார்க்க. அதன் முன்னால் பயபக்தியோடு, கண் இமைக்காமல் நின்றார்கள். யாரும் திடுக்கிடவில்லை. ஒரு குழந்தையும் நாக்கை நீட்டவில்லை. நீட்டினால் பெரியவர்கள் அதட்டினார்கள்.

ஒருநாள் துவாரகன் தொலைத்திரையில் வந்தார். முகம் சரியில்லை.

“மேடம், பேழைக்குள்ள வைச்ச கருவியின்ர அளவு எனக்கு வந்திருக்கு. பொம்மையின்ர நாக்கைப் போய்ப் பாருங்கோ.”

அரசி போய்ப் பார்த்தார். ரத்தச் சிவப்பு வெளுத்து, நோயாளியின் நாக்கு மாதிரி ஆகியிருந்தது. உள்ளே நடுக்கூடத்தின் முள்ளும் ஏறத் தொடங்கியிருந்தது.

“சட்டப்படி மங்குற பொக்கிஷத்தை இருட்டுக்குள்ளதான் வைக்க வேணும்” என்றார் துவாரகன். “உங்கட பொம்மையையும்தான்.”

“திருஷ்டிப் பொம்மைக்கே திருஷ்டியா!” என்று அரசி தலையில் கை வைத்துக்கொண்டார். “நான்தான் துவாரகன். நானேதான் கண்ணு வெச்சிட்டேன்.”

பொம்மையை இருட்டறைக்கு அனுப்பிய அன்று அவர் தனியாகவே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். கடையில் இருந்ததிலேயே மட்டமான, ஒரு கொம்பு கோணலான, சாயம் வழிந்த முகம் ஒன்றைத் தேடி எடுத்தார். “இதைவிட நல்லதா இருக்கும்மா” என்று கடைக்காரர் வேறொன்றை நீட்ட, “நல்லது வேண்டாம்” என்று வாங்கி வந்து, பழைய இடத்தில், பழைய ஆணியிலேயே கோணலாக மாட்டினார். சூசைராஜைக் கூப்பிட்டு, “இதைப் பத்தி யார் கேட்டாலும் நீங்க ஒரு வார்த்தை பெருமையாப் பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன்” என்றார். உலகத்திலேயே அவருக்கு மிகக் கஷ்டமான காரியம் அதுதான் என்பது சூசைராஜுக்குத் தெரியும்.

மறுநாள் டோக்கியோவிலிருந்து வந்த ஒரு குழு வாசலில் திடுக்கிட்டு நின்றது. அவர்களோடு வந்த சிறுமி வீறிட்டுக் கத்திவிட்டு, அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழுவின் தலைவி மேலே கையைக் காட்டி, அது என்ன, யார் செய்தது, ஏதேனும் சிறப்பு உண்டா என்று கேட்டாள்.

அரசியின் தொண்டை வரை பேச்சு வந்தது. நெஞ்சு விம்மியது. சூசைராஜ் தரையைப் பார்த்தார்.

“அதுவா?” என்றார் அரசி. “சும்மா. யாரோ மாட்டிட்டுப் போயிருக்காங்க.”