சாளரத்தின் அகலம்

யாரும் மௌஸைத் தொடவில்லை. ஆனாலும் கணினித் திரையில் சாளரத்தின் வலது ஓரம் ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தது. அந்த ஓரத்தில் நாலு கிரீஸ் கறை. அவன் துணியால் துடைத்தான். போகவில்லை. கறை கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது.

பழைய இரும்புக் கிடங்கின் தகர அறை. மதிய வெயிலில் கூரை முறுக்கிக்கொண்டு சடசடக்க, துருவும் சூடான எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, சுவருக்கு அப்பால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இரும்பை அமுக்கிக் கட்டியாக்கும் பிரஸ் அடிவயிறு அதிர உறுமிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் நிரல் ‘பேசிக்’ கணினி மொழியில் அவன் எழுதியது. உள்ளே சிக்கிய கம்பியை எடுக்க அக்கா புருஷன் இறங்கியிருந்தார். மோட்டாரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எண்ணெய் மறுபடி சூடாக நேரமாகும், முதலாளி கத்துவான். எப்போதும் அப்படித்தான்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“மாப்ள, தட்டைக் கொஞ்சம் தள்ளுடா. தொப்பை இடிக்குது.”

“உங்க தொப்பைக்கு வேற பிரஸ்தான் வாங்கணும் மாமா.”

“எல்லாம் உங்கக்கா சமையல். அவளைக் கேளு.”

ஓரம் இன்னும் உள்ளே வந்தது. சுவருக்கு அப்பால் தட்டு நகரும் ஓசை.

அவனுக்கு உறைத்தது. சாளரத்தின் அளவு மாறினால் படத்தைத் திரும்ப வரைய ‘அகலம்’ என்று ஓர் எண் வைத்திருந்தான். தட்டுகளின் இடைவெளிக்கும் தவறுதலாக அதே எண்ணைப் போட்டிருந்தான். சோதித்தபோதெல்லாம் சாளரத்தை முழுத்திரையிலேயே வைத்திருந்தான். அதனால் பிழை கண்ணில் படவேயில்லை.

“மாமா, வெளிய வாங்க.”

“கால் மாட்டிக்கிச்சு. பின்னால தள்ளுடா.”

மௌஸால் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தான். தட்டு விலகியது. விட்டான். மறுபக்கமிருந்து யாரோ இழுத்ததுபோல் உள்ளே போனது. மோட்டாரை நிறுத்தும் மெயின் சுவிட்ச் வாசலில். விட்டுவிட்டு ஓட முடியாது. பிடித்தபடி நின்றான்.

இடது ஓரம் நகர்ந்தது.

இருப்பது ஒரு மௌஸ்.

“மாப்ள. மாப்ள.”

பிறகு வார்த்தை இல்லை. வெறும் அலறல். பச்சை விறகு முறிவதுபோல் எலும்பு. இன்னொன்று. ஈரமாக, நீளமாக ஒரு நசுங்கல். சுவருக்கு அடியில் ரத்தம் கசிந்து அவன் செருப்பை நனைத்தது.

சாளரம் ஒற்றைக் கோடாக நின்றது.

கோட்டுக்குள்ளிருந்து நாலு விரல் வெளியே வந்து ஓரத்தைப் பற்றின. கிரீஸ். நகம் செத்த நடுவிரல். மாமாவின் விரல்கள்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“இப்ப இடிக்கல மாப்ள. எடம் தாராளமா இருக்கு. நீயும் வா.”