பாஸ்பரஸ் கோடு

திரையில் பாஸ்பரஸ் கோடு எழும்பியது. பாட்டில் கண்ணாடியில் அது இவ்வளவு உயரம் வரவே கூடாது.

போடிமெட்டுச் சாலையோரத்து ஆலையில் பவதாரணிக்கு ஒரே சோலிதான். கிரஷரில் நொறுங்கிய பழைய கண்ணாடி உலைக்குப் போகும் பெல்ட்டில் வரும். மேலிருந்து லேசர் சுடும். தெறிக்கும் பொறியின் ஒளியைப் பிரித்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கருவி கோடுகளாகக் காட்டும். வேண்டாதது வந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். பெல்ட்டும் கிரஷரும் சேர்ந்து நின்றுவிடும். பச்சையை அமுக்கினால் மறுபடி ஓடும்.

மதியமே மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. எப்போதும் சூடான தூசி மணக்கும் அறையில், ஒவ்வொரு பொறிக்கும் முடி கருகும் நாற்றம் எழுந்து தொண்டையில் ஒட்டியது.

இவ்வளவு பாஸ்பரஸ் என்றால் எலும்பு. பொத்தானுக்குப் போன கை தயங்கியது. புதுப்பித்த உலைக்கு இன்று சேவல் காவு. பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. போர்மேன் ராஜாராமுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பெல்ட்டுல எலும்பு வருது."

"காவுச் சேவல்தான் ஆத்தா. நிப்பாட்டிறாத. உலை பசியா இருக்கு."

அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ முனகியது. மோட்டார் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோடு இறங்கவில்லை. ஒரு சேவலுக்கு இத்தனை எலும்பா?

பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பியது. டைட்டானியம்.

போன வருடம் ஜீப்பு கவிழ்ந்தபோது அவள் புருஷன் தங்கபாண்டியின் முழங்காலுக்குக் கீழே வைத்த தகடு டைட்டானியம். "நீ எங்க காணாமப் போனாலும் லேசர வச்சே கண்டுபிடிச்சிருவேன் மாமா" என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள். அவனுக்கு வேலை மேலே, கிரஷர் வாயில்.

அமுக்கினாள். எல்லாம் நின்றது.

பெல்ட்டில் ரத்தம். சதை ஒட்டிய தகடு. திருகாணிகள். லேசர் மட்டும் விடாமல் அதைச் சுட்டது.

முனகல் நிற்கவில்லை. மேலே. கிரஷருக்குள்ளே.

"பவா..."

உயிரோடு இருந்தான். கால் வரைதான் போயிருந்தது. முதல் கோட்டிலேயே நிறுத்தியிருக்கலாம்.

கதவு திறந்தது. ராஜாராம். முழங்கை வரை சிவப்பு. அவன் கக்கத்தில் காவுச் சேவல், ஒரு இறகும் கலையாமல், தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. கை நீட்டிப் பச்சைப் பொத்தானை அமுக்கினான்.