அவகிட்ட சொல்லும்மா

"அம்மா, அவகிட்ட சொல்லும்மா! தண்ணிய இப்பிடிக் கொதிக்கக் கொதிக்க வெச்சா மனுசன் குளிக்கறதா, இல்ல கோழி மாதிரி றெக்கைய பிச்சுக்கறதா?"

தெய்வசிகாமணி கொல்லையில் நின்று சத்தம் போட்டார். அவர் 'அவ' என்று சொன்ன அம்சவள்ளி, சொம்பும் கையுமாக அவருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். தாலி கட்டிய மனைவி! கையை நீட்டினால் தொடலாம். ஆனாலும் அவர் பேச்சு உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் தாயார் லட்சுமியம்மாளிடம் போய், அங்கிருந்துதான் இவளுக்குத் திரும்பி வர வேண்டும்.

"பச்சத்தண்ணி கலந்து குடுடியம்மா..." கிழவி மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"சரிங்கத்த."

மூன்று வருடமாக இதே கதை. ஒரு நாளா, இரண்டு நாளா! அடித்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். வாயே திறக்காத புருஷனை என்ன செய்வது? ஒரே மகளைத் திருநாவலூரில் கட்டிக் கொடுத்தபோது, தாரை வார்க்கிற நேரத்தில்கூட, "அவள வந்து பக்கத்துல நிக்கச் சொல்லும்மா" என்ற மனுஷன்! நைனார்பாளையமே பார்த்துச் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எல்லாம் கொழுந்தன் தமிழரசனால் வந்த வினை. அண்ணன் கரும்புக் கொல்லைக்கு இழுத்தார். தம்பிக்கு மோட்டார் பைத்தியம். ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவன், ஒருநாள் அண்ணனிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான்.

"யாருடி அவன அனுப்புனது?" என்று தெய்வசிகாமணி குதித்தார்.

"நான்தாங்க" என்றாள் அம்சவள்ளி.

"அண்ணன் தம்பிய பிரிச்சிட்டல்ல... இனிமே எம் மூஞ்சில முழிக்காத!"

அவளிடம் அவர் நேராகப் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வெந்நீரை விளாவிவிட்டு அவள் நிமிர்வதற்குள் தெருவில் ஒரே சிரிப்பும் கூச்சலும். எட்டிப் பார்த்தாள். ஐயோ, தமிழரசன்! மேலெல்லாம் செம்மண். அவனையும் அவனுடைய சின்ன சிவப்பு வண்டியையும் சுற்றி ஒரு கூட்டம்.

"இன்னாடா இது, வெட்டுக்கிளிக்கு சக்கரம் மாட்டுன மாதிரி!" பக்கத்து வீட்டுச் சின்னதுரை ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர். வண்டி பற்றிப் பேச அவருக்கு மேல் ஊரில் ஆள் இல்லை என்று நினைப்பு. "சத்தமே காணோமே! ஓடுதா, நின்னுட்டுதா?"

"ஓடுது மாமா. ஜப்பான் என்ஜின்."

"அத்த சொல்லு. கப்பல்ல வந்துச்சா?"

"இல்ல மாமா, ஓசூர்ல பூட்டுறோம். இந்த மாதிரி வண்டிக்கு சக்கரம் பூட்டுறது நான்தான்."

"ஓசூர்லியா! அங்க கோசும் கேரட்டும் தான வெளையும்? மோட்டார் எப்பத்துலேந்து வெளையுது?"

தெரு கொல்லென்று சிரித்தது. வண்டி என்றால் புல்லட் மாதிரி நாலு தெரு அதிர வேண்டும் அவர்களுக்கு. தமிழரசனும் சிரித்துக்கொண்டே வந்து அண்ணியின் காலைத் தொட்டான்.

"எளைச்சிட்டியே தம்பி! எந்த வழியா வந்த? மறியல்னு பஸ்ஸே ஓடலியே!"

"கருமந்துறை வழியா மலை ஏறி வந்தேன் அண்ணி. மலைமேல ஓடையில வெள்ளம். மாதன்னு ஒரு மலைக்காரரு, வண்டிய ஆட்டுக்குட்டி கணக்கா தூக்கி அக்கரையில வெச்சாரு. அம்மா எப்பிடி இருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் தெய்வசிகாமணி ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தார். தம்பியைப் பார்த்தார். முகம் ஒரு நொடி இளகியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? ஆனால் பாழாய்ப் போன வீம்பு!

"அம்மா! வாசல்ல யாரோ வந்துகிறாங்க. இன்னா வேணும்னு கேளு. யாரு தந்தி அடிச்சு வரவழைச்சதுன்னும் கேளு!"

"நான்தான் அடிச்சேன்" என்றாள் அம்சவள்ளி. "அத்தைக்கு ரொம்ப முடியலியே... சின்னப் புள்ளைய பாக்கணும்னு..."

"கேட்டியாம்மா? மறுக்காவும் அவதான்!"

உள்ளே கட்டில் கிரீச்சென்றது. ஓடிப் போய்ப் பார்த்தால், லட்சுமியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் செருகி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அம்மா!" என்று பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

"அண்ணா, என் வண்டியில வெச்சி கள்ளக்குறிச்சிக்கு எட்த்துக்கினு போயிடலாம். ரோட்ல மரம் வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்க. உன் புல்லட் போவாதுண்ணா!"

"அந்த கொசு வண்டியில எங்கம்மாவ ஏத்தறதா?" தெய்வசிகாமணி சுவரைப் பார்த்துச் சொன்னார். "என் வண்டி போவாத ரோடு இந்த ஜில்லாவுல இல்ல!"

கிழவியைத் தூக்கிப் புல்லட்டில் உட்கார வைத்தார். பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே! அம்சவள்ளி ஏறி உட்கார்ந்தாள். புருஷனுடைய வண்டியில் அவள் ஏறி மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் நடுவில் மாமியார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடந்த வாரம் அது. ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே, ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு புளியமரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நடவு வயல். அங்கே மறியலுக்கு நின்றிருந்த உள்ளூர்க்காரன் காசிநாதன் கிழவியின் நிலையைப் பார்த்ததும் பதறிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டான்.

"தூக்குங்கப்பா, ஆயாவுக்கு முடியல!"

அம்சவள்ளி கிழவியை இறக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். ஐந்தாறு பேர் புல்லட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். முன்சக்கரம் மரத்தில் ஏறியது. பின்பக்கம் அசையவே இல்லை. கிளைக்குள் சிக்கிச் சாய்ந்து, ஒருவன் காலையும் பதம் பார்த்தது. மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் விழுந்தது. இந்தப் பக்கம் கிழவியின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"என்னங்க..." அம்சவள்ளி கெஞ்சினாள். "வாணாங்க, நேரம் போவுது. தம்பி வண்டி பின்னாலயே வந்து நிக்குதுங்க!"

தெய்வசிகாமணி திரும்பிப் பார்த்தார். தம்பி வண்டியை நிறுத்திவிட்டு அழுதுகொண்டு நின்றான். புல்லட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். யாருக்கும் காத்திராமல் அந்தச் சின்ன வண்டியின் பின்பக்கத்தை இவரே பிடித்தார். முன்பக்கம் காசிநாதன். ஒரே தம்மில் வண்டி இரண்டு மரத்தையும் தாண்டி அந்தப் பக்கம் நின்றது.

கிழவியைத் தமிழரசனுக்குப் பின்னால் உட்கார வைத்து, தானும் பின்னால் ஏறிக்கொண்டு, விழாமலிருக்க அம்சவள்ளி தன் முந்தானையால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாள். அப்போதுதான் லட்சுமியம்மாள் பெரிய பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"பெரியவனே... அவன அனுப்புனது நான்டா."

"பேசாதம்மா. அப்பறம் பேசிக்கலாம்."

"அப்பறம் எங்கடா இருக்குது... நெலத்துல நீங்க ரெண்டு பேரும் வெட்டிக்கினு சாவப் போறீங்களேன்னு நான்தான் போவச் சொன்னேன். பழிய அவ தலையில போட்டதும் நான்தான். எம்மேல கோவம்னா நீ எங்கிட்ட பேசாம பூடுவியே... அந்த பயம்டா எனக்கு. அவ கைய புடிச்சி அழுதேன். பாவி, சரிங்கத்தன்னுட்டா..."

தமிழரசன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னாம்மா சொல்ற? அம்மா சொல்லித்தான் நான் போனேன்னு அண்ணனுக்குத் தெரியாதா? அண்ணி மேலயா பழி... அண்ணி, மூணு வருசமாவா!"

"வண்டிய எடு தம்பி" என்றாள் அம்சவள்ளி. "அத்தைய பாரு மொதல்ல."

வண்டி கிளம்பிவிட்டது. வெட்டுக்கிளி என்று தெரு சிரித்த வண்டி, மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஓடியது. வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்திலும் மறியல்காரர்களே ஓடி வந்து தூக்கி விட்டார்கள். தெய்வசிகாமணி விழுந்த மரத்தருகே நின்றது நின்றபடி நின்றார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்டபோது அம்சவள்ளி வாயைத் திறக்கவில்லை. யாரைக் காட்டிக் கொடுப்பது?

"பெரியவன கூட்டியாடா..." என்றாள் கிழவி. தமிழரசன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்த வழியே பறந்தான்.

அவன் போன பிறகு கிழவி மருமகளின் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "வாயில்லாப் பூச்சிடி நீ. உன்ன கெடுத்தது நானு" என்றாள்.

"நீங்க மட்டும் நடுவுல இல்லன்னா, அந்தப் பேச்சுகூட எனக்கு வந்திருக்காதுங்கத்த..."

கிழவி கேட்டாளோ, கேட்கவில்லையோ! பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது.

அம்சவள்ளி கத்தவில்லை. நர்சு வந்து பார்த்துவிட்டு, குழாயை எடுத்துவிட்டுப் போனாள். மாமியாரின் கலைந்த தலைமுடியை ஒதுக்கி, புடவையைச் சரி செய்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. தம்பியின் தோளைப் பிடித்தபடி தெய்வசிகாமணி இறங்கினார். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். செருப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. வாசற்படியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. தமிழரசன் "அம்மா!" என்று கதறிக்கொண்டு ஓடி வந்து காலடியில் விழுந்தான். இவர் மட்டும் மெதுவாக நடந்து வந்து, கட்டிலோரம் மண்டியிட்டு, தாயின் காதருகே குனிந்தார்.

"அம்மா... அவகிட்ட சொல்லும்மா. என்ன மன்னிச்சிடச் சொல்லும்மா... நீ சொன்னா கேப்பாம்மா. கண்ண தொறந்து ஒரே ஒருவாட்டி சொல்லிட்டுப் போம்மா!"

அம்சவள்ளி மடியிலிருந்த தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றினாள்.

"அத்த இனிமே சொல்ல மாட்டாங்க" என்றாள். "எதுவா இருந்தாலும்... எங்கிட்டயே சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். காதோரம் இவ்வளவு நரைத்துவிட்டதே, இது எப்போது நரைத்தது? சொல்ல எவ்வளவோ இருந்தது. மன்னிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை.

"அம்சா..." என்றார். "எங்கம்மா பூட்டாங்க, அம்சா..."

அவர் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டு, அம்சவள்ளி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.